கடவுச்சொல்லைக் கேட்டால் சொல்லத்தான் வேண்டுமா? கைபேசிச் சோதனையும் இலங்கைச் சட்டமும்

உடுவிலில் இருந்து ஒருவர் வாக்குமூலம் கொடுக்கச் சுன்னாகம் பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டால், அடையாள அட்டையோடு கைபேசியும் அவருடைய சட்டைப்பையில் போகிறது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டியிருந்தது அட்டையும் குடும்பப் பதிவுப் படிவமும்தான். இன்று மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து இன்னொரு கேள்வியும் வருகிறது: "இந்தப் போனின்ரை லொக் என்ன?"

நான்கு அல்லது ஆறு இலக்கங்கள்தான். சொன்னால் பிரச்சினை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சொல்லாவிட்டால் சந்தேகம் கூடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. ஆனால் அந்த இலக்கங்களுக்குப் பின்னால் இருப்பது ஒருவருடைய வாழ்க்கை மட்டுமல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பேசிக்கொள்ளும் வட்ஸ்அப் குழு, கனடாவில் உள்ள சகோதரத்தின் இலக்கம், காணி வழக்குக்காகப் படமெடுத்து வைத்த உறுதி, ஊடகவியலாளரிடம் யாரோ நம்பிச் சொன்ன சாட்சியம் எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. கடவுச்சொல்லைக் கொடுப்பவர் ஒருவர். திறக்கப்படுவது பலருடைய வீட்டுக் கதவு.

கேட்டால் சொல்லத்தான் வேண்டுமா? சாதாரண குற்றவியல் விசாரணையில், சந்தேகநபர் தன் கடவுச்சொல்லைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தெளிவாக விதிக்கும் பொதுவான ஏற்பாடு இலங்கைச் சட்டத்தில் இல்லை. சொல்ல மறுப்பவரைத் தெளிவாகப் பெயர் சொல்லிப் பாதுகாக்கும் ஏற்பாடும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் முடிவு நீதிமன்றத்தில் எடுக்கப்படுவதில்லை, தடுப்பு அறையில் எடுக்கப்படுகிறது. இந்தக் கட்டுரை அந்த வெற்றிடத்தைப் பற்றியது.

ஒரு பெருவிரல் அடையாளத்தின் கதை

கைபேசிகள் வருவதற்கு முன்னரே இந்தக் கேள்வியை எம்மவர் ஒருவர் தன் வாழ்க்கையால் எதிர்கொண்டார். மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993 ஜூலையில் கைது செய்யப்பட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். அதிகம் படித்தவர் அல்லர். சிங்களம் தெரியாது. அவர் சொன்னதாகக் கூறப்பட்டதைப் பொலிஸ் கான்ஸ்டபிள் ஒருவரே மொழிபெயர்க்க, அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்தத் தாளில் அவருடைய பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டது. தன்னைச் சித்திரவதை செய்தார்கள் என்றும், தாளில் என்ன இருந்தது என்பது தனக்குத் தெரியாது என்றும் அவர் சொன்னார்.

1995 இல் மேல் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. தண்டனைக்கு அடிப்படையாக இருந்தது அந்த ஒப்புதல் வாக்குமூலம்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பை வாக்குமூலம் கொடுத்தவர் தலையிலேயே வைக்கிறது.

விடயம் ஜெனீவாவுக்குப் போனது. 2004 ஜூலையில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, இந்த நிரூபணப் பொறுப்பு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாதிருக்கும் உரிமையை மீறுகிறது என்று கருத்து வெளியிட்டது. அந்தக் கருத்தோடு சிங்கராசா மீண்டும் கொழும்புக்கு வந்தார். 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை நிராகரித்தது. தனிநபர்கள் அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் நெறிமுறையில் இலங்கை இணைந்துகொண்டதே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

அன்று பெருவிரல் ஒரு தாளில் பதிந்தது. இன்று அதே விரலைக் கைபேசியின் கண்ணாடியில் வைத்தால் ஆயிரக்கணக்கான செய்திகளும் படங்களும் திறக்கின்றன. தட்டச்சு செய்த தாளை "நான் சொன்னதல்ல" என்று மறுக்கவாவது முடிந்தது. தன் கைபேசிக்குள் இருந்து எடுக்கப்பட்டதை மறுப்பது அதைவிடக் கடினம். அதனால்தான் கடவுச்சொல் விடயத்தைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒப்புதல் வாக்குமூலம் பற்றி எமக்கு இருந்த பழைய பிரச்சினைதான் இது.

எந்தச் சட்டம் என்ன சொல்கிறது

முதலில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பொலிஸார் விசாரணையின்போது கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று அதன் 110ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பதில் சொல்பவரைக் குற்றச்சாட்டுக்கோ தண்டனைக்கோ உட்படுத்தக்கூடிய கேள்விகளுக்கு அந்தக் கடமை இல்லை என்றும் அதே பிரிவு விலக்களிக்கிறது. கடவுச்சொல்லைச் சொல்வது தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் என்று கருதும் சந்தேகநபருக்குச் சாதாரண சட்டத்தில் உள்ள முதல் பிடிமானம் இதுதான்.

இரண்டாவது, ஐசிசிபிஆர் சட்டம் என்று அறியப்படும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். சிங்கராசா தீர்ப்புக்கு அடுத்த ஆண்டில் வந்தது. பேஸ்புக் பதிவுகளுக்காக ஆட்களைக் கைது செய்ய இதன் 3ஆம் பிரிவு பயன்படுத்தப்பட்டதால், இந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே பலருக்கு அச்சம். ஆனால் அதன் 4ஆம் பிரிவில், குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் தனக்கு எதிராகச் சாட்சியமளிக்கவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் மௌனமாக இருக்கும் உரிமையோ அந்தரங்க உரிமையோ தனியான உறுப்புரையாக இல்லை. 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடை செய்கிறது. 13ஆம் உறுப்புரை கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையையும், குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை நிரபராதியாகக் கருதப்படும் உரிமையையும் தருகிறது.

மூன்றாவது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம். இங்கே நிலைமை மாறுகிறது. இந்தச் சட்டத்தின் கீழான விசாரணையில், தகவல் வெளியிடுமாறோ உதவுமாறோ கேட்கப்படும் எவரும் அதற்கு இணங்க வேண்டும், மறுப்பது குற்றம் என்று அது சொல்கிறது. சந்தேகநபர் வேறு, சாட்சி வேறு, சேவை வழங்கும் நிறுவனம் வேறு என்று அந்த வாசகம் பிரித்துப் பார்ப்பதில்லை. கணினிக் குற்றம் என்றால் வேறொருவரின் கணக்குக்குள் புகுவது மட்டுமே என்று நினைக்க வேண்டாம். தேசிய பாதுகாப்பு, பொருளாதாரம், பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைவிக்கும் கணினிச் செயல்களும் அதில் அடங்கும். அதேவேளை இந்தச் சட்டம் சில கட்டுப்பாடுகளையும் வைத்திருக்கிறது. போதிய அறிவு உள்ளவர் என்று பொலிஸ்மா அதிபர் எழுத்தில் சான்றளித்த உத்தியோகத்தர்தான் கணினியை அணுகலாம். கைப்பற்றிய பொருள்களினதும் தரவுகளினதும் பட்டியலை, திகதி நேரத்தோடு, உரியவருக்குக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவின்படி, பொலிஸ் அத்தியட்சகரோ, அவரால் எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரோ நீதிமன்ற ஆணை இல்லாமலே கைது செய்யலாம், தேடலாம், ஆவணத்தையோ பொருளையோ கைப்பற்றலாம். கைபேசியும் ஒரு பொருள்தான். ஆகவே அது கைப்பற்றப்படலாம். ஆனால் கைப்பற்றும் அதிகாரம் வேறு, அதன் பூட்டைத் திறக்கும் இலக்கத்தை ஒருவருடைய வாயில் இருந்து எடுக்கும் அதிகாரம் வேறு. 6ஆம் பிரிவு இரண்டாவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

விரலும் இலக்கமும்

சட்டத்தின் பார்வையில் விரல் அடையாளத்துக்கும் இலக்கத்துக்கும் வேறுபாடு உண்டு. இலக்கம் ஒருவருடைய மனதில் இருப்பது. அதை வெளியே கொண்டுவர அவர் பேச வேண்டும் அல்லது எழுத வேண்டும். விரலும் முகமும் உடலின் பகுதிகள். நீண்டகாலமாகவே நீதிமன்றங்கள், கைரேகையையும் இரத்த மாதிரியையும் எடுப்பதைச் சாட்சியம் சொல்ல வைப்பதாகப் பார்ப்பதில்லை. அந்தத் தர்க்கத்தைக் கைபேசிக்கும் நீட்டினால், இலக்கத்தைச் சொல்ல மறுக்கலாம், விரலை வைக்க மறுக்க முடியாது என்ற முடிவு வரும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பொலிஸார் கைரேகை எடுப்பதற்குச் சட்டம் அனுமதி தருவது ஆளை அடையாளம் காண்பதற்காக. கைபேசியில் விரலை வைப்பதால் ஆள் அடையாளம் காணப்படுவதில்லை, பெட்டகம் திறக்கப்படுகிறது. ஒன்றுக்குக் கொடுத்த அனுமதியை மற்றதற்குப் பயன்படுத்தலாமா என்பது நீதிமன்றத்தில் வலுவாக வாதிடக்கூடிய விடயம். ஆனால் தடுப்பு அறையில் அந்த வாதத்துக்கு நேரம் இருக்காது. ஒருவருடைய கையைப் பிடித்து விரலை வைப்பதற்கு இரண்டு வினாடி போதும்.

தொழில்நுட்ப ரீதியிலும் வேறுபாடு உண்டு. கைபேசியை நிறுத்தி மீண்டும் இயக்கினால், முதல் தடவை திறப்பதற்கு விரலோ முகமோ போதாது, இலக்கத்தைக் கட்டாயம் கேட்கும். அந்த முதல் திறப்புக்கு முன்னர் உள்ளே இருக்கும் தரவுகளில் பெரும்பகுதி குறியாக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஒருமுறை திறந்த பிறகு, திரை பூட்டியிருந்தாலும், தரவை வெளியே எடுக்கும் தடயவியல் கருவிகளுக்கு வேலை இலகுவாகிறது. நான்கு இலக்கத்தில் 10,000 சேர்க்கைகள்தான் உண்டு. ஆறு இலக்கத்தில் 10 இலட்சம். எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட சொல் இவற்றைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

கட்டாயம் நடக்கும் இடம்

சட்டப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் வைத்து இதை விளங்கிக்கொள்ள முடியாது. எம்முடைய பகுதியில் பொலிஸ் தடுப்பு என்றால் என்ன என்பதற்கு நீதிமன்றப் பதிவுகளே சாட்சி. 2011 இல் சுன்னாகம் பொலிஸாரால் கைது செய்யப்பட்ட இளைஞர் ஒருவர் பின்னர் இரணைமடுக் குளத்தில் சடலமாக மீட்கப்பட்டார். 2017 இல் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் அந்தச் சம்பவத்தில் பொலிஸ் உத்தியோகத்தர்களைச் சித்திரவதைக் குற்றத்துக்காகத் தண்டித்தது. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரின் தடுப்பில் இருந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பொலிஸ் உத்தியோகத்தர்கள் கைதாகினர். இரண்டும் பயங்கரவாத வழக்குகள் அல்ல. சாதாரண களவுச் சந்தேகங்கள். களவு வழக்கிலேயே இப்படி என்றால், தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவரிடம் "விரும்பினால் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள் என எவரும் நம்பமாட்டார்கள்.

ஊடகவியலாளர்களுக்கு இது தொழில் சார்ந்த ஆபத்தும்கூட. 2020 ஜூனில் ஊடகவியலாளர் தரிஷா பஸ்தியனின் மடிக்கணினியைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைப்பற்றியது. அவருடைய தொலைபேசி அழைப்புப் பதிவுகளும் ஆராயப்பட்டன. 2025 ஆகஸ்டில் முல்லைத்தீவைச் சேர்ந்த புகைப்பட ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணன், பயங்கரவாத எதிர்ப்பு விசாரணைப் பிரிவினரால் அளம்பிலில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் விசாரிக்கப்பட்டார். செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வைப் படம்பிடித்து வந்தவர் அவர். இப்படியான ஒருவருடைய சாதனத்தில் இருப்பது அவருடைய படங்கள் மட்டுமல்ல. அவரை நம்பிப் பேசிய குடும்பங்களின் பெயர்களும்தான்.

வற்புறுத்திப் பெற்ற கடவுச்சொல் மூலம் கிடைத்த சான்று நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆகிவிடுமே என்று கேட்கலாம். அவ்வளவு எளிதல்ல. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் தடுப்பில் இருப்பவர் கொடுத்த தகவலால் ஒரு விடயம் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தகவலின் உரிய பகுதியை நிரூபிக்கலாம் என்று அதன் 27ஆம் பிரிவு இடம் வைக்கிறது. கத்தி எங்கே புதைக்கப்பட்டது என்று சொன்னதற்காக எழுதப்பட்ட பிரிவு அது. கடவுச்சொல்லுக்கும் அதைப் பொருத்திப் பார்க்க ஒரு வழக்குத் தொடுநர் முயலலாம். அதோடு, பொருத்தமான சான்று எப்படிப் பெறப்பட்டது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்குவதில்லை என்ற ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு இலங்கை நீதிமன்றங்களிலும் வேரூன்றியது. வாக்குமூலம் தள்ளுபடி ஆனாலும், திறக்கப்பட்ட கைபேசி மேசையிலேயே இருக்கும்.

பிரித்தானியாவிலும் இந்தியாவிலும்

புலம்பெயர்ந்த உறவினர்களுக்கும் இது பொருந்தும். பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டின் புலனாய்வு அதிகாரங்கள் ஒழுங்குபடுத்தல் சட்டம், உரிய அனுமதியுடன் எழுத்தில் அறிவித்தல் கொடுத்துக் கடவுச்சொல்லைக் கேட்க அனுமதிக்கிறது. கொடுக்க மறுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. தேசிய பாதுகாப்பு, சிறுவர் பாலியல் குற்றம் ஆகியவை சம்பந்தப்பட்டால் ஐந்து ஆண்டு வரை. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் நிலைமை இன்னும் கடுமை. 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி, எந்தச் சந்தேகமும் இல்லாமலே பயணி ஒருவரை ஆறு மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கலாம். விடுதலைப் புலிகள் இயக்கம் 2001 இல் பிரித்தானியாவில் தடை செய்யப்பட்டதும் இதே சட்டத்தின் கீழ்தான்.

2016 நவம்பரில் கேஜ் அமைப்பின் பணிப்பாளர் முகமது ரப்பானி ஹீத்ரோ விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார். சித்திரவதைக்கு உள்ளான ஒருவரின் தகவல்கள் தன் சாதனங்களில் இருப்பதாகச் சொல்லிக் கடவுச்சொற்களைக் கொடுக்க மறுத்தார். 2017 செப்டெம்பரில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். சிறை இல்லை. நிபந்தனையுடனான விடுவிப்பும் வழக்குச் செலவும்தான். 2018 இல் அவருடைய மேன்முறையீடும் தோற்றது. அந்த நாட்டின் சட்டம் கடுமையானது. ஆனாலும் அவருக்கு என்ன நடக்கும், எவ்வளவு தண்டனை, எங்கே முறையிடலாம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. மறுத்தவர் வீட்டுக்குப் போனார்.

இந்திய அரசியலமைப்பின் 20(3)ஆம் உறுப்புரை, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 1961 இல் காத்தி காலு ஒகாட் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், கைரேகையும் கையெழுத்து மாதிரியும் அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்றது. 2010 இல் செல்வி வழக்கில், உண்மை கண்டறியும் மருந்து ஏற்றி மனதில் இருப்பதை வெளியே எடுப்பது செல்லாது என்றது. கடவுச்சொல் இந்த இரண்டில் எதன் பக்கம்? 2021 இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வீரேந்திர கன்னா வழக்கில், கடவுச்சொல் கொடுப்பது சாட்சியம் ஆகாது என்றது. 2023 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், விசாரணை நிலுவையில் உள்ளபோது குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லுமாறு வற்புறுத்த முடியாது என்றது. இரண்டு மேல்நிலை நீதிமன்றங்கள், இரண்டு பதில்கள். ஆனால் கேள்வி அங்கே நீதிமன்றத்தில் வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

பூட்டைத் திறக்கவே கூடாதா?

அப்படிச் சொல்வதும் நியாயமாகாது. பாடசாலை மாணவி ஒருவரின் படத்தை வைத்து மிரட்டுபவனுடைய கைபேசிக்குள்தான் அந்தப் படம் இருக்கிறது. அதைத் திறக்காமல் அந்தப் பிள்ளைக்கு நீதி இல்லை. 2009 இல் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்ட வழக்கிலும், 2010 இல் பிரகீத் எக்னெலிகொட காணாமல் ஆக்கப்பட்ட வழக்கிலும் விசாரணையை முன்னகர்த்தியது தொலைபேசிப் பதிவுகளே. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு டிஜிட்டல் சான்று எதிரி அல்ல.

ஆனால் அந்த விசாரணைகள் வேறொன்றையும் காட்டுகின்றன. அழைப்புப் பதிவுகளும் கோபுரத் தரவுகளும் தொலைபேசி நிறுவனங்களிடம் இருந்து பெறக்கூடியவை. அவற்றுக்குச் சந்தேகநபரின் வாய் தேவைப்படவில்லை. பூட்டைத் திறப்பது தவிர்க்க முடியாதது என்றால், அது நீதவானின் கட்டளையோடு, நிபுணர் ஒருவரின் கையால், எழுத்தில் பதிவு செய்து நடக்க வேண்டும். உத்தியோகத்தர் ஒருவர் நாற்காலியில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பைத் தட்டித் தட்டிப் பார்ப்பது தேடுதலும் அல்ல, நல்ல சான்றும் அல்ல. அப்படிப் பார்க்கும்போதே செய்திகள் "வாசிக்கப்பட்டது" என மாறும், கோப்புகளின் நேரங்கள் மாறும். பிறகு அதில் எது முதலில் இருந்தது, எது பின்னர் வந்தது என்று சொல்வது சிரமம்.

கேட்கப்பட்டால்

ஒவ்வொருவருடைய நிலைமையும் வேறு. ஆகவே சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் கேட்க வேண்டியது: "நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா, வாக்குமூலத்துக்கு மட்டும் அழைக்கப்பட்டிருக்கிறேனா? எந்தச் சட்டத்தின் கீழ்?" எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் மாறும். சட்டத்தரணியுடன் பொலிஸ் நிலையத்துக்குப் போகலாம். சட்டத்தரணிகள் அங்கே முன்னிலையாவதற்கு 2012 இல் விதிகளே வர்த்தமானியில் வெளியிடப்பட்டன.

கைபேசி கைப்பற்றப்பட்டால் பற்றுச்சீட்டு கேளுங்கள். அதில் திகதி, நேரம், உத்தியோகத்தரின் பெயர், கைபேசியின் ஐஎம்ஈஐ இலக்கம், சிம் இலக்கம் இருக்க வேண்டும். \*#06# என்று அழுத்தினால் ஐஎம்ஈஐ இலக்கம் திரையில் வரும். அதை இன்றே ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள்.

கடவுச்சொல்லைச் சொல்ல விரும்பாவிட்டால், பொய் சொல்ல வேண்டாம், கைகலக்க வேண்டாம், பொலிஸார் கேட்ட பிறகு எதையும் அழிக்க வேண்டாம். சான்றை அழிப்பது தனிக் குற்றம். "என் சட்டத்தரணியுடன் பேசிய பிறகு பதில் சொல்கிறேன்", "நீதவான் கட்டளையிட்டால் அங்கே பதில் சொல்கிறேன்" என்று சொல்லலாம். அது வாக்குமூலத்தில் பதிவாக வேண்டும் என்று கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்பதற்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் உள்ள தாளில் ஒப்பமிட வேண்டாம். சிங்கராசாவுக்கு நடந்ததை நினைவில் வைத்திருங்கள்.

அச்சத்தாலோ அடியாலோ கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால், அது உங்கள் குற்றம் அல்ல. அடி விழும் இடத்தில் வீரம் காட்டுமாறு எவரும் எவரிடமும் கேட்க முடியாது. ஆனால் அதை மறைக்க வேண்டாம். முதல் தடவை நீதவான் முன் நிறுத்தப்படும்போதே சொல்லுங்கள். உடுவில் பகுதியில் பெரும்பாலும் அது மல்லாகம் நீதவான் நீதிமன்றமாக இருக்கும். சட்ட வைத்திய அதிகாரியிடம் காயங்களைக் காட்டுங்கள். தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டவர்களின் இடத்துக்கு நீதவான் மாதம் ஒருமுறையாவது சென்று பார்க்க வேண்டும் என்று 2022 திருத்தம் சொல்கிறது. அவரிடமும் சொல்லலாம்.

குடும்பத்தினர் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு உடனே அழைக்கலாம். தடைச் சட்டக் கைதுகளை 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அதன் விசாரணைக் காலம் அந்த ஒரு மாதத்தில் கணக்கிடப்படமாட்டாது. வழக்கில் கணினிச் சான்று முன்வைக்கப்படப் போகிறது என்றால், விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னர் அறிவித்தல் தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் சொல்கிறது. அது கிடைத்ததா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மற்றவர்கள் நம்பித் தந்ததைக் கைபேசியில் தேவைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். காணி உறுதி, காணாமல் ஆக்கப்பட்டவரின் ஆவணங்கள் போன்றவற்றின் பிரதியை நம்பிக்கையான வேறிடத்தில் வையுங்கள். கைபேசி போனாலும் அவை போகக் கூடாது.

சட்டத்தில் எழுதப்பட வேண்டியது

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வரைவுகள் வந்தவண்ணம் உள்ளன. 2018 இல் ஒன்று, 2023 இல் ஒன்று. நீதவானின் கட்டளையோடு சாதனங்களின் டிஜிட்டல் பூட்டைத் திறக்கவும் குறியாக்கம் செய்த தகவலை விடுவிக்கவும் பொலிஸாருக்கு வழி செய்யும் ஏற்பாடு அவற்றில் இருந்தது. 2025 டிசம்பரில் இன்னொரு வரைவு வெளியானது. இத்தகைய வரைவுகள் பற்றிப் பேசும்போது எம்மவர் கவனம் தடுப்புக் காலத்திலும் பயங்கரவாதம் என்பதன் வரையறையிலும் நிற்கிறது. அது சரியே. ஆனால் பூட்டைத் திறக்கும் பிரிவையும் வரி வரியாக வாசிக்க வேண்டும்.

நீதவானின் கட்டளை என்ற ஒரு சொல் மட்டும் போதாது. எந்தச் சாதனம், எந்தக் காலப்பகுதி, எந்த வகைத் தகவல் என்று அந்தக் கட்டளை சொல்ல வேண்டும். திறக்கும்போது சட்டத்தரணி இருக்க வேண்டும். சந்தேகநபரின் வாயில் இருந்தோ விரலில் இருந்தோ திறப்பைப் பெறுவதற்குக் கட்டாயம் பயன்படுத்தக் கூடாது. அப்படிப் பெற்றால், வாக்குமூலம் மட்டுமல்ல, அதனால் கிடைத்த தரவும் சான்றாக ஏற்கப்படக் கூடாது. வற்புறுத்தல் இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அரசிடம் இருக்க வேண்டும். வழக்கோடு தொடர்பில்லாத பிறரின் தகவல்கள் அழிக்கப்பட வேண்டும். கைபேசி திருப்பித் தரப்படும் திகதியும் எழுதப்பட வேண்டும்.

நிரூபணப் பொறுப்பு யாருடையது என்ற இந்தக் கேள்விக்கு 2004 இலேயே ஜெனீவாவில் பதில் கிடைத்துவிட்டது. கொழும்பு இன்னும் அதை ஏற்கவில்லை. தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. அதை மாற்றாமல் டிஜிட்டல் பூட்டைத் திறக்கும் அதிகாரத்தை மட்டும் புதிதாகச் சேர்த்தால், சிங்கராசாவின் பெருவிரல் அடையாளம் தாளில் இருந்து கண்ணாடிக்கு மாறியதைத் தவிர வேறெதுவும் மாறியிருக்காது.